புதிய நகரில் ஒரு நிழற்படக் கலைஞன்

பழகிய ஊரில் ஒருவனுக்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை. இன்னாரின் மகன், இன்ன பாடசாலையிற் படித்தவன், இன்ன சந்தியிற் கடை வைத்திருப்பவன் என்று ஊரே அவனை அறிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோக்காரர் ஒருவர் தம்மை அறிமுகஞ் செய்ய வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதில் ஒரு மணமக்கள் படத்தையும் ஒரு குழந்தையின் படத்தையும் மாட்டிவிட்டாற் போதும். அக்குழந்தை யாருடையது என்பது தெருவிற் போவோர்க்குத் தெரியும். அதுவே அவருக்குச் சான்றிதழ். கடல் கடந்து வந்து குடியேறிய நகரில் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது? வைத்தாலும் அதிலுள்ள முகத்தை அடையாளங் காண்பவர் யார்?

எம்மிடம் தமிழ் படித்து வளர்ந்த மாணவர் ஒருவர், சீஜெப் படிப்பு முடிந்ததும் நிழற்படப்பிடிப்பையே சுயதொழிலாகக் கொள்ளப் போவதாக வீட்டிற் கூறினார். தந்தையார் எம்மைத் தேடி வந்தார். "மாஸ்டர், நீங்கள் சொன்னால் கேட்பான். கமராவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சு எப்படிச் சீவிக்கிறது? இந்த ஊரில எங்களை ஆருக்குத் தெரியும்?" என்றார். உணவகமொன்றின் அடுக்களையிற் பல ஆண்டுகள் நின்று உழைத்தவரின் அச்சம் அது. அதனை நாம் எளிதாக எண்ணவில்லை. நாமும் இலங்கையில் ஆசிரியராயிருந்து, இங்கே வந்து இறங்கிய அன்று பெயரற்றவராய் நின்றவரே. ஆயினும் அவரது வினாவுக்குரிய விடை இந்நகரத்திலேயே கிடக்கிறது.

மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, ஷேர்புரூக் வீதியில், மக்கோர்ட் ஸ்டூவர்ட் நூதனசாலை உள்ளது. வில்லியம் நொட்மன் என்பவரும் அவர்தம் நிலையத்தாரும் எடுத்த 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இந்த நொட்மன் யார்? ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரிற் பிறந்தவர். குடும்பத்தின் துணி வியாபாரம் முறிந்து, கடனும் வழக்கும் துரத்த, 1856ஆம் ஆண்டு மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். வயது முப்பது. படப்பிடிப்பு அவருக்கு அதுவரை பொழுதுபோக்கு மாத்திரமே. இங்கே ஒரு துணி மொத்த வியாபார நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். குளிர்காலத்தில் நதி உறைந்து வியாபாரம் மந்தமாகும். அந்த மந்த காலத்துக்கே விடுப்புப் பெற்று, புளூரி வீதியில் ஒரு படப்பிடிப்பு நிலையத்தைத் திறந்தார். கவனிக்க: வேலையை வீசிவிட்டுப் போகவில்லை, விடுப்புத்தான் கேட்டார். தந்தையார் முகம் சற்றுத் தெளிந்தது இந்த இடத்திற்றான்.

அக்காலத்திற் சென் லோறன்ஸ் நதிக்குக் குறுக்கே விக்ரோறியா பாலம் கட்டப்பட்டு வந்தது. மாணவர்களே, தெற்குக் கரைக்குப் போகும்போது நீங்கள் இன்றும் கடக்கும் அதே பாலம். 1858இல் அதன் வேலைகளைப் படம் பிடிக்கும் பொறுப்பு நொட்மனுக்குக் கிடைத்தது. 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்து பாலத்தைத் திறந்து வைத்தார். அவ்வேளை கனடிய அரசின் சார்பில் விக்ரோறியா மகாராணியாருக்கென, நொட்மனின் படங்கள் மேப்பிள் மரப்பெட்டியொன்றில் அடுக்கிக் கையளிக்கப்பட்டன. நொட்மன் செய்த கெட்டிக்காரத்தனம் என்னவெனில், அதேபோன்ற இன்னொரு பெட்டியைத் தயாரித்துத் தமது நிலையத்தில் வைத்துக்கொண்டமையே. மகாராணியார் பார்த்ததை மொன்றியல்வாசி ஒவ்வொருவரும் வந்து பார்க்கலாம் அல்லவா? வாசலிலும் 'மகாராணியாரின் படப்பிடிப்பாளர்' என்று எழுதி மாட்டினார். கொஞ்சம் துணிச்சல்தான்!

எமக்கு மிகவும் பிடித்தது 1870ஆம் ஆண்டுச் சறுக்கல் விழாப் படம். ஆதர் இளவரசர் கலந்துகொண்ட அந்த மாறுவேட விழாவை, மண்டபத்தின் குறைந்த வெளிச்சத்தில், அக்காலக் கமராவால் பிடிக்க இயலாது. ஆகவே வேடமணிந்தவர்களைத் தனித்தனியே தமது நிலையத்துக்கு அழைத்துப் படமெடுத்து, அவ்வுருவங்களை வெட்டி, தீட்டிய திரையில் ஒட்டி, நூற்றுக்கணக்கானோர் கூடிய ஒரே காட்சியாக ஆக்கினார். படத்தில் இருப்பவருக்கு அது வேண்டும். அவருடைய மாமியாருக்கும் வேண்டும். வந்துபோன ஒவ்வொருவரும் அவருடைய நிலையத்தின் படியேறி, அவருடைய வேலையை நேரிற் கண்டு சென்றார்கள். இதைவிடச் சிறந்த விளம்பரத்தை நாம் அறியோம்.

நொட்மன் வெள்ளையர், ஆங்கிலம் பேசுபவர், அவருக்கென்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. அப்படியானால் யூசுப் கார்ஷ் அவர்களைப் பாருங்கள். 1908இல் ஒட்டோமன் பேரரசின் மார்டின் நகரிற் பிறந்த ஆர்மேனியர். படுகொலைக் காலத்தைக் கண்டு, குடும்பத்தோடு சிரியாவின் அலெப்போவுக்கு ஓடி, அங்கிருந்து பதின்ம வயதிற் தனியனாய்க் கனடாவந்து இறங்கியவர். இதே கியூபெக் மாகாணத்தின் ஷேர்புரூக் நகரில் அவருடைய தாய்மாமனார் படப்பிடிப்பாளராக இருந்தார். அவரிடமும், பின்னர் பொஸ்ரனிற் கரோ என்ற ஆர்மேனியக் கலைஞரிடமும் தொழில் கற்றார். 1932இல் ஒட்டாவாவில் நிலையம் திறந்தார். தலைநகருக்கு உலகத் தலைவர்கள் வருவார்கள் என்ற கணிப்பு அவருக்கு இருந்தது. ஆனால் தலைவர்கள் அகதி இளைஞனைத் தேடியா வருவார்கள்? அவர் அவ்வூர்த் தொண்டர் நாடகக் குழுவிற் சேர்ந்து நடிகர்களைப் படம் பிடித்தார். மேடை விளக்கின் வித்தையை அங்கேதான் பயின்றார். நடித்தவர்களுள் ஒருவர் ஆளுநர் நாயகத்தின் மகன். அவர் வழியே தாய் தந்தையரும் படத்துக்கு அமர்ந்தனர். 1941 டிசம்பர் 30ஆந் திகதி பாராளுமன்றத்தில், வின்ஸ்ரன் சேர்ச்சிலின் வாயிலிருந்த சுருட்டை இவர் பறித்தெடுத்து எடுத்த கோபமுகப் படம் உலகமெங்கும் போனது. அதன் வழி அந்த நாடகக் கொட்டகையிற் தொடங்கியது.

இருவரும் தம்மைத் தாமே கூவி விற்றவரல்லர். பலரும் வந்துபோகும் ஓரிடத்தில் வேலையைச் செய்து காட்டி, வந்தவர்களே அதைச் சுமந்து செல்லும்படி விட்டார்கள். மாணவருக்கு நாம் சொன்னதும் இதுவே. பார்க் எக்ஸ்ரென்சனிலும் கோட் டி நேஜிலும் உள்ள சிறு உணவகங்கள், நடன அரங்கேற்றங்கள், பிரெஞ்சு நாடகக் குழுக்கள் இவற்றிடம் போகட்டும். தமிழ்த் திருமணங்களை மாத்திரம் நம்பியிருந்தால் குளிர்காலம் முழுதும் கையைப் பிசைய வேண்டும். கோடையிலும் ஆடி மாதத்தில் நம்மவர் பெரும்பாலும் நன்மைக்கு நாள் வைப்பதில்லை. அறிமுக அட்டை பிரெஞ்சில் இருக்கட்டும். வாசிப்பவர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். சொந்த முதற்பெயரும் குடும்பப் பெயருமல்லாத வேறொரு பெயரில் தொழில் நடத்தினால் மாகாணத் தொழிற் பதிவகத்திற் பதிய வேண்டும்.

ஒரு விடயத்தை அழுத்திச் சொன்னோம். சென் கத்தரீன் வீதியிற் படியொன்றில் அமர்ந்திருந்த 17 வயதுப் பெண்ணை ஒருவர் கேளாமற் படமெடுத்தார். அது 1988இல் ஒரு சஞ்சிகையில் வெளியாயிற்று. அப்பெண் வழக்காட, 1998இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்து 2,000 டொலர் இழப்பீட்டை உறுதி செய்தது. திருவிழாக் கூட்டத்திற் தற்செயலாக அகப்படும் முகம் வேறு. ஒருவர் முகத்தையே பொருளாக எடுத்து வெளியிடுவது வேறு. தன் விளம்பரத்துக்குப் பிறர் வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியப் படத்தைப் போடுமுன் எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "நம்ம பொடியன்தானே, சும்மா வந்து நாலு படம் எடுப்பான்" என்ற பேச்சை நாம் பல மண்டபங்களிற் கேட்டிருக்கிறோம். மண்டபத்துக்கும் பூவுக்கும் கேட்ட காசு கொடுப்பவர், கமராக்காரனோடு மாத்திரம் பேரம் பேசுகிறார். ஒரு நாள் விழாவுக்குப் பின் அவன் பல நாள் இருந்து படங்களைத் தெரிந்து, திருத்தி, அல்பமாக்குகிறான் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னொன்று: 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், கூலிக்கு எடுத்த படத்துக்கும் பதிப்புரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடின், எடுத்தவருக்கே உரியது. காசு கொடுத்தவர் வீட்டில் வைக்கலாம், உறவினருக்கு அனுப்பலாம். தம் நகைக்கடை விளம்பரத்தில் கேளாமற் போடுதல் ஆகாது.

படம் எவ்வளவு பெறுமதி என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது உறுதியும் நகையும் சான்றிதழும் கையில் வந்தன; அல்பம் வரவில்லை. எமது தந்தையாரின் உருவமாக இன்று எஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டைக்கென எடுத்த ஒரு சிறு படமே. ஓரம் மடிந்து, நெற்றியிற் கீறல் விழுந்தது. அதை மாணவரிடம் கொடுத்தோம். நான்கு நாட்களின் பின் சுவரில் மாட்டும் அளவிற் கொண்டுவந்து தந்தார். கீறலை எடுத்திருந்தார், கன்னத்து மச்சத்தை விட்டிருந்தார். கேட்ட கட்டணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டும் பெற்றுக்கொண்டோம். அடுத்த கிழமை எம் வீட்டுக்கு வந்த இரு முதியவர்கள், சுவரைப் பார்த்துவிட்டு, தங்களிடமும் அப்படிச் சில படங்கள் உண்டென்றனர்.

விழா நாளன்று மண்டப வாசலின் இடப்புறம் அவர் ஒரு மேசை போட்டிருப்பார். பெட்டியடியில் மடித்து வைத்த பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். உங்கள் கண்முன்னே பிரதி எடுத்து மூலப் படத்தை உடனே திருப்பித் தருவார். படமொன்றுக்குப் பத்து டொலர். விலை பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும்.