அரை முழம் வால்டியூப்

சைக்கிள் சாமான்களிலேயே மலிவானது வால்டியூப்தான். தீக்குச்சித் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். ஓர் அங்குலம் நறுக்கி, எச்சில் தொட்டு, வால்வுக் குச்சியின் மேல் ஏற்றினால் வேலை முடிந்தது. பம்பிலிருந்து வரும் காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு டியூபுக்குள் போகும். உள்ளே போன காற்று திரும்பி வரப் பார்த்தால், அதே ரப்பர் குச்சியின் ஓட்டையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். வெயிலில் இளகிப்போனாலோ வெடிப்பு விட்டாலோ காற்று இறங்கிவிடும். வண்டியை உருட்டிக்கொண்டு வருகிற பலருக்கு உண்மையில் பஞ்சரே இருக்காது, வால்டியூப் போயிருக்கும். வால்வின் வாயில் எச்சில் வைத்துப் பார்த்தால் குமிழி வரும். தெரிந்துவிடும்.

அப்பா அதை முழக்கணக்கில் வாங்குவார். பேராவூரணி கடைத்தெருவில் ஒரு பாய் கடை இருந்தது. "அரை முழம் குடுங்க பாய்" என்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கத்தரிக்கோலால் துண்டு போட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைக் கொஞ்சம் தூவி, பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பார். பவுடர் இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் எல்லாத் துண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்த டப்பா என்னுடைய காக்கிப் பைக்குள் இருக்கும். பை கேரியரில் இருக்கும். எண்பதுகளின் கடைசியில், எங்கள் ஊரிலிருந்து பேராவூரணி பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன பெண்பிள்ளைகள் மிகக் கொஞ்சம் பேர். அதில் நானும் ஒருத்தி.

வண்டி அப்பாவுடையது. 22 இஞ்ச் ஹெர்குலிஸ், பார் வைத்தது. அம்பத்தூரில் முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி வண்டி. என்னிடம் அதைக் கொடுத்த அன்று அப்பா ஓட்டும் விதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதாதுத்தா. வழியில நின்னுபோச்சுன்னா கிளப்பத் தெரியணும்" என்றார். பிறகு பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "பாய், இந்தப் புள்ளைக்கு வேலையச் சொல்லிக் குடுங்க" என்று விட்டுவிட்டுப் போனார். சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன்.

அந்தக் கடையில் நான் பார்த்தது இன்னும் விரல்களில் இருக்கிறது. பின் சக்கரத்தைப் பாய் கழற்றவே மாட்டார். செயின் கவர், ஸ்டாண்டு, கேரியர் எல்லாம் அந்த அச்சில்தான் மாட்டியிருக்கும்; கழற்றினால் அரை நாள் போய்விடும். வண்டியைச் சாய்த்துப் போட்டு, இரண்டு இரும்புப் பட்டைகளால் டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து நெம்பி, டியூபை மட்டும் பக்கவாட்டில் உருவுவார். காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருவார். குமிழி கிளம்பும் இடத்தில் தீக்குச்சியைக் குத்தி அடையாளம் வைப்பார். துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகிறவரை தேய்ப்பார். சொல்யூஷனை விரலால் மெல்லிசாக, ஒட்டுப்போடும் துண்டைவிடக் கொஞ்சம் அகலமாக, இழுத்துவிடுவார். நான் வாயால் ஊதப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "ஊதுனா எச்சி ஈரம் படும். தானா காயட்டும். தொட்டா ஒட்டக் கூடாது, அப்பத்தான் ஒட்டும்."

அதற்கு அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். ஒட்டுப்போட்ட டியூபைத் தொங்கவிட்டுவிட்டு, டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவுவார். மெதுவாக, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு. கருவை முள் வெளியே முறிந்துபோயிருக்கும். நுனி மட்டும் ரப்பருக்குள் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் டயரில் ஒன்றுமே தெரியாது. அதை எடுக்காமல் டியூபை உள்ளே தள்ளினால் அடுத்த மைலில் மறுபடியும் உருட்ட வேண்டியதுதான். பாயின் கையில் ஒரு சின்னக் குறடு இருக்கும். முள் நுனியைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைப்பார். கடுகைவிடச் சிறியது.

எங்கள் பக்கத்தில் முள்ளுக்குக் குறைவில்லை. நாங்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது. காவிரித் தண்ணீர் அதற்கு முன் எட்டாத மேட்டுப் பூமிக்கெல்லாம் வந்தது அதன் வழியாகத்தான். அதன் கரைதான் எங்களுக்குப் பள்ளிக்கூடப் பாதை. மழைக்காலத்தில் சேறு, கோடையில் நெருஞ்சி. ஏரிப் பக்கம் திரும்பினால் சீமைக்கருவை. அறுப்புக் காலத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள், அது பின் சக்கர அச்சில் ஏறிச் சுற்றிக்கொள்ளும். முதலில் ஒன்றும் தெரியாது. வண்டி கனக்கும், பெடல் இறுகும். இறங்கிப் பார்த்தால் ஃபிரீவீலுக்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் வைக்கோல் கயிறாகத் திரிந்து கிடக்கும். தென்னை நார் மில் இருக்கிற ரோட்டிலும் இதே கதை. நார் இன்னும் மோசம், அறாது. அதனால் என் பையில் அப்பா ஒரு சின்ன மடக்குக் கத்தி போட்டிருந்தார். டெல்டாவில் சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் இன்றும் நான் ஸ்பேனருக்கு முன்னால் கத்தியைத்தான் சொல்வேன்.

அந்தப் பையில் வேறு என்ன இருந்தது? இரண்டு தலையிலும் பல அளவுக் குழி வைத்த ஒரு ஸ்பேனர். ஒரு ஸ்குரூடிரைவர். உப்புத்தாள், பழைய டியூபில் வெட்டிய ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன். ஒரு காட்டர் பின், ஏனென்றால் பெடல் கட்டை ஆடத் தொடங்கினால் அதற்குக் கைவைத்தியம் கிடையாது. செயின் லாக் ஒன்று. பிறகு டியூப் வார். பழைய டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டை. அதற்கு ஈடு கிடையாது என்பது என் முடிவு. புத்தகப் பையைக் கேரியரில் கட்டவும் அதுதான், மட்கார்டு கம்பி முறிந்தால் இழுத்துக் கட்டவும் அதுதான். டயரின் ஓரம் கிழிந்தால் ஒரு துண்டை மடித்து உள்ளே வைத்து ஊர்வரை வந்துவிடலாம்.

கைப்பம்பு வண்டியின் கம்பியோடு போகும். அதற்குள் ஒரு தோல் வாஷர் இருக்கிறது. அது காய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று போகாது. அப்பா மாதம் ஒருமுறை பம்பைத் திருகித் திறந்து வாஷரில் தேங்காய் எண்ணெய் விடுவார். தோல் ஊறி விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். செயினுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் கூடாது. பிசுபிசுத்து மண்ணை வாரிக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. கடலோரம் போகிற வண்டிக்கு அது இன்னும் அவசியம்; உப்புக் காற்றில் செயின் சீக்கிரமே துருவேறிவிடும்.

கடலோரம் என்றதும் மீன்காரர்கள் நினைவு வருகிறது. விடியுமுன்னே மல்லிப்பட்டினத்திலிருந்தும் சேதுபாவாசத்திரத்திலிருந்தும் கிளம்பி, பெரிய கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு பேராவூரணிப் பக்கம் வருவார்கள். வெயில் ஏறுமுன் மீன் விற்றாக வேண்டும், அதனால் வழியில் அவர்கள் ஒட்டுப்போடுகிற வேகத்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. சொல்யூஷன் காய்கிற நேரத்தில் ஒரு பீடி. அதற்குமேல் நிற்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடத் தோழிகளோடு மனோராவுக்குப் போனபோது அப்படி ஒருவர்தான் வந்து நின்றார். நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாட, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1814ஐ ஒட்டிக் கடற்கரையில் கட்டிய எட்டு நிலைக் கோபுரம் அது. எங்களுக்கு நெப்போலியனும் தெரியாது, வாட்டர்லூவும் தெரியாது. மேலே ஏறினால் கடல் தெரியும் என்பது தெரியும். திரும்பும்போது ஒருத்தியின் வண்டி உட்கார்ந்துவிட்டது. நான் பையை அவிழ்த்தேன். கூடை காலியாகித் திரும்பிக்கொண்டிருந்த மீன்காரப் பெரியவர் வண்டியை நிறுத்தினார். "என்னத்தா, பஞ்சரா? விடு, நான் போட்டுத் தர்றேன்" என்றார். "இல்ல பெரியப்பா, நானே போட்டுருவேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் குட்டையிலிருந்து தன் தூக்குச்சட்டியில் தண்ணீர் மொண்டு வந்து வைத்தார். முடிகிறவரை இருந்தார். டயரைத் தடவி முள் எடுத்தபோது மட்டும், "யாருத்தா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

பின்னாளில் டூர் டி பிரான்ஸ் பற்றிப் படித்தபோது அவர்தான் நினைவுக்கு வந்தார். 1913 பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்குத் தூர்மலே மலையிறக்கத்தில் முன் ஃபோர்க் உடைந்துவிட்டது. யாரும் உதவக் கூடாது என்பது பந்தய விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு நடந்தே அடிவாரத்துக் கிராமத்துக்கு வந்து, கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சேர்த்தார். மணிக்கணக்கான வேலை. பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துருத்தியை ஊத ஒரு சிறுவனை விட்டார் என்பதற்காக அவருக்குத் தண்டனை நேரம் போட்டார்கள். கிறிஸ்டோஃபின் கைத்திறனை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அந்த விதியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ரோட்டில் வண்டி படுத்துவிட்டால் சக்கரத்தைப் பிடிக்க ஒரு கை வரும், வர வேண்டும். ஒரு பெண்பிள்ளை விஷயத்தில் மட்டும், அந்தக் கைக்காக அவள் காத்திருக்க வேண்டிய நிலை வரக் கூடாது. பொழுது சாய்கிற நேரத்தில், ஆள் இல்லாத ஆற்றங்கரையில், அவள் பையில் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் நாளைக்கும் பள்ளிக்கூடம் போவாளா என்பதை முடிவு செய்யும். ஒருநாள் இருட்டிய பிறகு வீடு வந்தால் மறுநாள் சைக்கிளைப் பிடுங்கி வைத்துவிடுகிற வீடுகள் எங்கள் ஊரில் இருந்தன.

பேராவூரணியைத் தாண்டி மேற்கே போனால் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 1991ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். லட்சம் அளவில் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐநூறு பேருக்குமேல் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு, அதனால் பலரும் பார் வைத்த வண்டியைத்தான் ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தச் சமயத்தில் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம் என்று ஒரு பெண் எங்கள் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். பஸ்ஸில் இருந்த கிழவிகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் பார்த்தது அவள் வண்டியில் பம்பு இருக்கிறதா என்று. இருந்தது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்தபோது அப்பா இல்லை. அவர் வைத்த தென்னைகள் இருந்தன. காலையில் பார்த்தால் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரம் முழுக்க அப்படித்தான். ரோடெல்லாம் மரம். மோட்டார் வண்டி எதுவும் போக வழியில்லை, கரண்ட் வர வாரக்கணக்கானது. அந்த நாட்களில் சைக்கிள்தான் ஓடியது. மரம் குறுக்கே கிடந்தால் தோளில் தூக்கித் தாண்டி மறுபக்கம் ஏறிக்கொள்வார்கள். கேரியரில் அரிவாளும் தண்ணீர்க் கேனும். தகரச் சில்லும் ஆணியும் சிதறிக் கிடந்த ரோட்டில் பஞ்சருக்குக் கேட்க வேண்டுமா? கம்ப்ரசர் வைத்த கடைகள் கரண்டுக்குக் காத்திருந்தன. எங்கள் தெருவில் அப்பாவின் கைப்பம்பு வீடு வீடாகச் சுற்றியது. வாஷருக்கு நான்தான் எண்ணெய் விட்டேன்.

பாய் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. சைக்கிளைத் தொடும் கடைகள் ஊரில் சில இருக்கின்றன, ஆனால் முன்போல முக்குக்கு முக்கு இல்லை. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லாச் சைக்கிளில் பிள்ளைகள் கூட்டமாகப் போகிறார்கள், அதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்குக் குறையவே இல்லை. ஆனால் வீட்டுத் திண்ணைகளில் காற்று இறங்கிச் சாய்த்து வைத்திருக்கிற சைக்கிள்களையும் பார்க்கிறேன். விசாரித்தால் சிலவற்றில் போனது வால்டியூப் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுக்கிற அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

அண்ணன் மகள் கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கட்டுமாவடி வரை போய் வருகிறாள். அந்த வண்டிக்கு வால்டியூப் இல்லை, வால்வே வேறு. எங்கள் ஊர்ப் பம்பு அதில் உட்காராது, அந்த அளவு டியூபும் இங்கே உடனே கிடைப்பதில்லை. அவளுக்கு நான் சொன்னது: மாற்று டியூப் ஒன்று, பிளாஸ்டிக் நெம்பி இரண்டு, வால்வுக்கு மாட்டும் பித்தளைத் தொப்பி, ஆலன் கீ, அந்த வால்வுக்குப் பொருந்துகிற சின்னப் பம்பு. வெடித்த லாரி டயர்களின் கம்பித் தூள் அந்த ரோட்டில் கிடக்கும், முடிபோல மெல்லிசாக டயரில் ஏறும், அதைப் பிடுங்க ஒரு சின்னக் குறடு. வைக்கோலுக்குக் கத்தி. "இதெல்லாம் தூக்கிட்டு எப்படி அத்தை வேகமாப் போறது?" என்றாள். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தேங்காய் எடை வராது என்று கையில் கொடுத்துக் காட்டினேன்.

பைக்குள் வைத்த சொல்யூஷன் குழாயின் மேல் வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதச் சொல்லியிருக்கிறேன். மூடியைத் திறக்காதவரை அது சீக்கிரம் கெடாது. ஒருமுறை திறந்துவிட்டால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துபோகும். அதனால் சின்னக் குழாயாகத்தான் வாங்க வேண்டும். ஒன்றைத் திறந்த அன்றே இன்னொன்று வாங்கிப் பையில் போட்டுவிட வேண்டும்.