அவிழ்த்துக் கட்டும் கயிறு

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், நீரோடியை ஒட்டிக் கிடக்கும் கடலோர ஊர் பொழியூர். அங்கே ஒரு வீட்டு முற்றத்தில் பேரன் தன் கயாக்கின் மேல்தளத்து எலாஸ்டிக் கயிறுகளை மாற்றிக்கொண்டிருந்தான். முதல் நாள் பூவார்ப் பொழிமுகத்தில் ஓர் அலை, அவற்றின் அடியில் செருகியிருந்த மாற்றுத் துடுப்பைப் பறித்துச் சென்றிருந்தது. கயிறு அறவில்லை, மேலுறையும் கிழியவில்லை. உள்ளே இருந்த ரப்பர் இழைகள் வெயிலிலும் உப்பிலும் உயிரிழந்திருந்தன. இழுத்தால் நீண்டது; விட்டால் திரும்பவில்லை.

"எத்தன நாளா அவுக்காமக் கெடக்கு மக்களே?" என்றார் திண்ணையிலிருந்த கிழவர்.

"வாங்குனதுலருந்து பாட்டா. மூணு வருசம்."

கிழவர் கட்டுமரம் தள்ளியவர். அவருடைய கலத்தில் கயிறு துணைக்கருவியன்று, கயிறே கலம். செதுக்கிய மரங்களைத் தென்னைநார்க் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவர். கரை சேர்ந்தபின் அவிழ்த்து உலர்த்துவர். நீர் ஊறிய மரம் கனக்கும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆயினும் அவிழ்க்கும் கை கயிற்றின் ஒவ்வொரு முழத்தையும் கடந்தாக வேண்டும். இற்ற நார் விரலுக்குத் தெரிந்துவிடும். பழுது பார்த்தல் என்று தனியே ஒரு வேலை அங்கே இல்லை.

நாரின் தேர்விலும் நுட்பம் உண்டு. லிக்னின் மிகுந்த தென்னைநார் உப்புநீரில் எளிதில் மட்காது. சணலைவிடப் பன்மடங்கு நீண்ட பின்னரே அறும். கரையலை மோதும்போது மரங்கள் சற்றே விலகிச் சேர இந்த நெகிழ்வே இடம் தந்தது. ரப்பருக்கு முன்னரே இக்கரைக்கு ஓர் எலாஸ்டிக் கயிறு இருந்தது என்றால் மிகையாகாது.

1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயணநூலிலேயே 'கட்டுமரம்' ஆங்கில வடிவில் காணப்படுகிறது. இன்று ஆங்கிலத்தில் அச்சொல் குறிப்பது இரட்டை உடல் கொண்ட படகை. பெயரை எடுத்தவர்கள் கட்டை விட்டுவிட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கட்டும் முறை எல்லை பார்க்கவில்லை. அதை மாற்றியவை முட்டத்தில் பியர் ஜிலே முதலியோர் உருவாக்கிய ஒட்டுப்பலகைப் படகுகளும், பின்வந்த கண்ணாடியிழைப் படகுகளும். அவை பாதுகாப்பானவை, வேகமானவை. இழப்பென்று புலம்ப வேண்டியதில்லை. ஆனால் அவிழ்க்க முடியாத கலத்தில் தேய்மானம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

பேரன் ஒரு வரிசையை உருவி, புதியதை அதே துளைகளில் கோத்த பிறகே அடுத்ததைத் தொட்டான். பழையதை அளவுகோலாகக் கொள்ளவில்லை, அது நீண்டுபோனது. தளத்தின் ஓரம் சுற்றிவரும் பிடிகயிற்றுக்கு நீளாத கயிற்றையே போட்டான். கவிழ்ந்தவன் பற்றும்போது அது இழுபடக்கூடாது. இறுதி முடிச்சை முன்போல் உட்புறம் மறைக்கப்போனவனைக் கிழவர் தடுத்தார்.

"வெளிய போடு. கை எட்டணும்."

அவன் முடிச்சை அவிழ்த்து, வெளியே இழுத்துக் கட்டினான்.