நீல டிரம்மும் வாழைத்தண்டும்

ஜொகூர், மாசாயில் ஒரு தாமான் (குடியிருப்பு). வரிசை வீடொன்றின் பின்கட்டில், துணி காயும் கம்பிக்குக் கீழே மீன்குளம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி உயரம். கட்டுகிறவர்கள் இருவர். மூத்தவர் முன்பு குழாய் வேலை பார்த்தவர். இளையவருக்கு அவர் ‘மாமா’. மண்ணைத் தோண்டாமல் தரைக்கு மேலேயே கல் அடுக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் மாமா வானத்தைக் காட்டுகிறார். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை இழுக்கும். 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் வட்டாரம் வெள்ளத்தில் பட்ட பாடு ஊரறியும். குளம் தரைமட்டத்தில் இருந்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும், மீன் வெளியே போகும்.

மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்புக்குப் பேர்போன மாநிலம் ஜொகூர். பத்து பகாட் பக்கத்துப் பண்ணைகளில் உடலுக்குள் மைக்ரோசிப் வைத்த அரோவானா மீன்கள் மண்குளங்களில் வளர்கின்றன. மண்குளத்தில் கழிவின் பெரும்பகுதியை மண்ணும் பாசியும் செரித்துவிடும். சிமெண்டுத் தொட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்த வேலைக்காகத்தான் சுவரோரம் இரண்டு நீல பிளாஸ்டிக் டிரம்கள் காத்திருக்கின்றன. இருநூறு லிட்டர் கொள்பவை, பழையவை, விலை மலிவு.

மலிவு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை; பழைய டிரம்மில் முன்பு ரசாயனம் இருந்திருக்கலாம். பாசிர் கூடாங் கூப்பிடு தூரம். 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் 111 பள்ளிகளை மூடவேண்டி வந்த வட்டாரம் இது. உணவுப்பொருள் வந்த டிரம் என்று உறுதியானால் மட்டுமே மாமா எடுப்பார். மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டு ஒருமுறை இழுப்பார். சந்தேகம் வந்தால் அது குப்பைக்கு.

துளை போடுவதில்தான் கைத்திறன் தெரிகிறது. குளத்துப் பம்பிலிருந்து வரும் குழாய் ஓர் அங்குலம்; டிரம்மிலிருந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாய் இரண்டு அங்குலம். பம்ப் தள்ளி அனுப்புகிறது, திரும்புகிற தண்ணீரோ தன் எடையில்தான் இறங்கவேண்டும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் டிரம் பொங்கிவிடும், விடிவதற்குள் குளம் பாதி காலி. முதல் டிரம்மில் தண்ணீரைப் பக்கவாட்டில் விட்டுச் சுழலவைக்கிறார்கள். கனமான கழிவு அடியில் தங்கும். வால்வைத் திறந்தால் வெளியேறிவிடும், அது வாழை மரத்துக்குப் போகும். இரண்டாவது டிரம்மில் பிரஷ், வடிகட்டும் பாய், அதற்கு மேல் பயோபால் என்னும் பிளாஸ்டிக் பந்துகள்.

அசல் வடிகட்டி அந்தப் பாயும் பந்தும் அல்ல, அவற்றில் குடியேறும் பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தக் குடியேற்றத்துக்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பாயைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரிலேயே அலசவேண்டும்.

புதுச் சிமெண்டின் காரத்தை எடுக்க, துண்டு போட்ட வாழைத்தண்டைத் தண்ணீரில் ஊறப்போடுவது இங்கே மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் செய்கிற வைத்தியம். தண்டு அழுகி நாறியதும் தண்ணீரை இறைத்துவிட்டு மறுபடி நிரப்புகிறார்கள். வாழையைவிட, திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றுவதுதான் அதிகம் வேலை செய்கிறது என்பது நம் எண்ணம். எப்படியானாலும் பிஎச் சோதித்துப் பார்த்தபிறகே மீன் விடவேண்டும்.

“எப்பண்ணே மீன் விடலாம்?” வீட்டுக்காரர் இதோடு எத்தனையாவது முறை கேட்கிறாரோ! கோய் மீன் பத்து வாங்க அவருக்கு ஆசை. கணக்கு இடிக்கிறது. குளம் நிரம்பினால் சுமார் 2,200 லிட்டர். ஒரு கோய் இரண்டடி வரை வளரும். ஒன்றுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்போர் வைத்திருக்கும் அளவு. ஆக, இரண்டு மீன். மாமா சொன்னதும் வீட்டுக்காரரின் முகம் சுருங்குகிறது. வெப்பநாட்டில் இது இன்னும் கறாரான கணக்கு: தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அம்மோனியாவின் விஷம் கூடும்.

மின்சாரக் கட்டணம் பலரும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. 40 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் மாதம் 29 யூனிட்தான். ஆனால் இரவில் அதை நிறுத்தி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஓட்டம் நின்றால் டிரம்முக்குள் ஆக்சிஜன் தீரும், சில மணி நேரத்திலேயே பாக்டீரியா சாகத் தொடங்கும்; தேங்கிய தண்ணீரில் கொசுவும் முட்டையிடும்.

கோய் வாங்க வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து முதலில் ஓர் அம்மோனியா சோதனைப் பெட்டி வாங்குங்கள். நாலைந்து சிறு திலாப்பியாவை விட்டு, குறைவாகத் தீனி போட்டு, குளத்தைப் பழக்குங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகு மீன் கடைக்குப் போகலாம்.