சதுப்பு நிலம் சதுர அடி என்ன விலை?

வேளச்சேரி ஸ்டேஷன்ல இறங்கி, துரைப்பாக்கம் ரேடியல் ரோடு பக்கம் வாங்க. பஸ்ல ஜன்னலோர ஸீட் கிடைச்சா யோகம்! தூரத்தில் ஐ.டி. கட்டடங்கள், இந்தப் பக்கம் பெருங்குடி குப்பை மேடு. நடுவுல கோரையும் தண்ணியுமா விரிஞ்சு கிடக்கே... அதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்.

ஜனவரியில் வந்தா பூநாரைகளைப் பார்க்கவும் வாய்ப்பு உண்டு. ஆனா, இன்னிக்கு நமக்குப் பறவையைவிட முக்கியமா ஒரு கணக்கு இருக்கு பாஸ்!

பக்கத்து மனையோட சதுர அடி ரேட்டை புரோக்கர் டக்குனு சொல்லிடுவார். இந்தத் தண்ணிக்கு? மார்க்கெட்டே கிடையாது. விலை இல்லாததுக்கு மதிப்பும் இல்லைனு நினைச்சுதான் ஊர் இங்கே குப்பை கொட்டுச்சு, கட்டடம் கட்டுச்சு.

சுற்றுச்சூழல் பொருளாதாரத்துல இதுக்கு வழி இருக்கு. இங்கே வர்றவங்க செலவழிக்கிற பஸ் காசையும் நேரத்தையும் வெச்சு மதிப்பு போடறது 'பயணச் செலவு முறை'. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக 1947-ல் ஹெரால்டு ஹோட்டலிங் கொடுத்த ஐடியா. 'இதைக் காப்பாத்த எவ்வளவு தருவீங்க?'னு வீடு வீடாக் கேட்கிறது இன்னொரு முறை. அதுல ஒரு சிக்கல்... கையில காசில்லாதவர் பத்து ரூபாய்னுதான் சொல்வார். வெள்ளம் வந்தா, அவர் வீட்டுலதானே முதல்ல நுழையும்?

தென்சென்னை ஏரிகளோட உபரி நீர் இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாதான் கடலுக்குப் போகணும். தங்குற இடம் சுருங்கினா? 2015 டிசம்பர்ல வேளச்சேரி வீடுகளுக்குள்ளேயே தண்ணி. 2019 ஜூலையில அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி! வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நாம அழுத காசையும் கணக்குல சேர்த்துக்கங்க.

2022-ல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 'ராம்சார்' அந்தஸ்து கிடைச்சது. அடுத்த புராஜெக்ட்டுக்கு டாபிக் தேடறீங்களா? உங்க ஊர் ஏரிக்கரையில ஒருநாள் நின்னு, இதே கணக்கைப் போட்டுப் பாருங்களேன். மனை போட்ட பிறகு போட்டா, கணக்கு மட்டும்தான் மிஞ்சும்!