கூடுதல் புள்ளிகள் பெற்றவர் தோற்ற இறுதிப்போட்டி

விளையாட்டுச் செய்தியொன்றில் வாசகர்கள் முதலில் தேடுவது வென்றவரின் பெயரை. அடுத்துத் தேடுவது புள்ளிவிபரத்தை. பெரும்பாலும் புள்ளிவிபரத்தைப் பார்த்ததும் வெற்றிக்கான காரணம் விளங்கிவிடும். ஆனால், 2019 ஜூலை 14ஆம் திகதி விம்பிள்டன் மத்திய அரங்கில் நோவக் ஜோகோவிச்சுக்கும் ரொஜர் பெடரருக்கும் இடையில் நடைபெற்ற ஆண்கள் ஒற்றையர் இறுதிப்போட்டியின் புள்ளிவிபரத்தை, பெயர்களை மறைத்துவிட்டு யாரிடமாவது கொடுத்து வென்றவர் யாரென்று கேட்டால், அவர் தோற்றவரையே சுட்டிக்காட்டுவார். மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகப் பத்திரிகைத்துறையில் இருந்துவரும் எனக்கு எண்களின் மீது ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைக்கு இந்தப் போட்டியைப் போன்று சோதனை வைத்த வேறொரு போட்டி இல்லை.

ஜோகோவிச் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்ற செட் கணக்கில் வென்றார். ஆட்டம் 4 மணித்தியாலம் 57 நிமிடங்கள் நீடித்தது. பெடரரும் நடாலும் 2008ஆம் ஆண்டு ஆடிய புகழ்பெற்ற இறுதிப்போட்டியைவிட இது 9 நிமிடங்கள் நீண்டது. விம்பிள்டன் ஒற்றையர் இறுதிப்போட்டிகளில் மிக நீண்டதாகவும் பதிவாகியது.

இனி எண்களைப் பாருங்கள். பெடரர் வென்ற புள்ளிகள் 218. ஜோகோவிச் வென்றவை 204. கேம்களின் எண்ணிக்கையிலும் 36க்கு 32 என்று பெடரரே முன்னணியில் நின்றார். அவரது ஏஸ்கள் 25, ஜோகோவிச்சுக்கு 10. எதிராளியால் எட்டமுடியாதபடி அடிக்கப்பட்ட வின்னர்கள் பெடரருக்கு 94, ஜோகோவிச்சுக்கு 54. எதிராளியின் சேர்விஸை பெடரர் 7 தடவைகள் முறியடித்தார். ஜோகோவிச்சினால் 3 தடவைகள் மாத்திரமே முடிந்தது. முதல் மூன்று செட்களிலும் தனது சேர்விஸை இழக்கும் ஆபத்தைக்கூட பெடரர் ஒரு தடவையேனும் எதிர்நோக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த மூன்று செட்களின் முடிவில் 1-2 என்று அவரே பின்தங்கியிருந்தார்.

இதற்கு இரண்டு சுலபமான விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. ஒன்று, அதிர்ஷ்டம். மற்றது, ஜோகோவிச்சின் மனவுறுதி. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அவற்றுக்கு முன்னதாகப் பார்க்கவேண்டியது டென்னிஸின் எண்கணிதத்தை.

கிரிக்கெட்டில் எடுக்கப்படும் ஒவ்வொரு ஓட்டமும் இறுதிவரை கணக்கில் நிற்கும். டென்னிஸில் அவ்வாறில்லை. ஒரு செட் முடிந்ததும் அதில் பெற்ற புள்ளிகள் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டுவிடும். இரண்டாவது செட்டை பெடரர் 6-1 என்று அநாயாசமாக வென்றார். ஆனால், அதற்கு அவருக்குக் கிடைத்ததும் ஒரு செட் தான். முதலாவது செட்டை 7-6 என்று மயிரிழையில் வென்ற ஜோகோவிச்சுக்குக் கிடைத்ததும் ஒரு செட் தான். எமது நாட்டின் தேர்தல் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1960 ஜூலை பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நாடளாவிய ரீதியில் கூடுதலான வாக்குகளைப் பெற்றும் 30 ஆசனங்களையே வென்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைக் கைப்பற்றியது. இடதுசாரிகளுடன் செய்துகொண்ட போட்டித்தவிர்ப்பு உடன்பாடு காரணமாக அக்கட்சி குறைவான தொகுதிகளிலேயே போட்டியிட்டது என்பதையும் சொல்லியாகவேண்டும். எவ்வாறாயினும், வாக்குகள் எத்தனை என்பதைவிட அவை எந்தத் தொகுதியில் விழுந்தன என்பதே முடிவைத் தீர்மானித்தது. டென்னிஸில் செட் என்பது அத்தகைய ஒரு தொகுதி.

அன்று ஜோகோவிச் வென்ற மூன்று செட்களும் டை பிரேக்கில் வெல்லப்பட்டவை. முதல் செட்டில் 7-5, மூன்றாவதில் 7-4, ஐந்தாவதில் 7-3. மொத்தம் 33 புள்ளிகள். அவற்றில் ஜோகோவிச்சுக்கு 21, பெடரருக்கு 12. எஞ்சிய 389 புள்ளிகளை எடுத்துக்கொண்டால் பெடரருக்கு 206, ஜோகோவிச்சுக்கு 183. அதாவது போட்டியின் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கில் பெடரர் 23 புள்ளிகளால் முன்னணியில் இருந்தார். மீதி எட்டுப் பங்கில் 9 புள்ளிகளால் பின்தங்கினார். கிண்ணம் அந்த எட்டுப் பங்கில்தான் இருந்தது.

அந்த 33 புள்ளிகளில் நடந்தது என்ன? இங்குதான் எண்கள் மீண்டும் பேசுகின்றன. மூன்று டை பிரேக்குகளிலும் சேர்த்து பெடரர் எதிராளியின் நெருக்குதல் இன்றித் தானாகவே இழைத்த தவறுகள் 11. ஜோகோவிச் அவ்வாறு இழைத்த தவறு ஒன்றுகூட இல்லை. போட்டி முழுவதிலும் ஜோகோவிச் இழைத்த அத்தகைய தவறுகள் 52 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். தவறே செய்யாத மனிதரல்ல அவர். எந்த இடத்தில் செய்யக்கூடாதோ அந்த இடத்தில் செய்யவில்லை.

இதை வெறும் மனவுறுதி என்று சொல்லிவிட்டுப் போவதற்கு நான் விரும்பவில்லை. அதற்குள் ஒரு தந்திரோபாயம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள முதலில் புல்தரையை விளங்கிக்கொள்ளவேண்டும். புல்தரையில் பந்து தாழ்வாக எழும்பி வழுக்கிக்கொண்டு விரையும். களிமண் தரையில் ஓடித் திருப்பி அடிக்கக்கூடிய பந்து இங்கே கைக்கு எட்டுவதற்கு முன்னரே கடந்துவிடும். ஆகவே, சேர்விஸ் போடுபவருக்கும் முதலில் தாக்குபவருக்கும் அனுகூலம் அதிகம். 2001ஆம் ஆண்டில் விம்பிள்டன் நிர்வாகம் முழுவதும் ரை புல்லுக்கு மாறிய பிறகு தரை இறுகி, பந்து முன்னரைவிடச் சீராக எழத் தொடங்கியது. சேர்விஸ் போட்டதும் வலையை நோக்கி ஓடும் பழைய பாணி மங்கி, பின்கோட்டில் நின்று ஆடுபவர்களுக்கும் வழி பிறந்தது. பெடரர் அந்தப் பழைய பாணியின் வாரிசு. ஜோகோவிச் புதிய பாணியின் உச்சம்.

பெடரர் அன்று வகுத்த திட்டத்தில் எந்தப் பிழையையும் என்னால் காணமுடியவில்லை. பக்ஹாண்டில் பந்தை வெட்டித் தாழ்வாக அனுப்பி ஜோகோவிச்சைக் குனியவைத்தார். நீண்ட பந்துப் பரிமாற்றங்களுக்கு இடங்கொடாமல் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் வலையருகே சென்று புள்ளிகளை முடித்தார். முப்பத்தெட்டாவது பிறந்த தினத்துக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே இருந்த ஒருவர், தன்னைவிட ஏறத்தாழ ஆறு வயது இளையவருக்கு எதிராக ஆடவேண்டிய ஆட்டம் அதுவே. ஆனால், அந்த ஆட்டத்தின் உயிர் துணிச்சல். கோட்டை ஒட்டி அடிக்கும் பந்து உள்ளே விழுந்தால் வின்னர், இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தால் தவறு. 94 வின்னர்களைத் தந்த அதே கைதான் 62 தவறுகளையும் தந்தது.

டை பிரேக் வந்ததும் ஜோகோவிச் அந்தத் துணிச்சலின் விலையை உயர்த்தினார். தான் துணிந்து அடிப்பதைக் குறைத்து, பந்தை ஆழமாகத் திருப்பியனுப்பி, இன்னும் ஓர் அடி அடித்துப்பார் என்று பெடரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாவது டை பிரேக்கில் 5-3 என்று முன்னணியில் இருந்த பெடரர் அடுத்த நான்கு புள்ளிகளையும் பறிகொடுத்தார். தானே தாக்கியாகவேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பவருக்கு, திரும்பித் திரும்பி வந்துகொண்டிருக்கும் பந்தைவிடக் கொடிய எதிரி கிடையாது.

ஐந்தாவது செட்டில் பெடரர் 8-7 என்று முன்னேறி, சேர்விஸும் அவர் கையில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு ஏஸ்களை வீசி 40-15 என்ற நிலையை அடைந்தார். சம்பியன் பட்டத்துக்கான இரண்டு வாய்ப்புகள். முதலாவதில் அவரது போர்ஹாண்ட் பக்கக்கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவதில் அவர் தாக்கிவிட்டு வலையை நோக்கி வர, ஜோகோவிச் குறுக்காக அடித்த போர்ஹாண்ட் அவரைக் கடந்துசென்றது. அமெரிக்க பகிரங்க டென்னிஸ் அரையிறுதிகளில் 2010ஆம் ஆண்டும் 2011ஆம் ஆண்டும் இதே ஜோகோவிச்சுக்கு எதிராக இரண்டிரண்டு வெற்றிப் புள்ளிகளைத் தவறவிட்டுத் தோற்றவர் பெடரர். 2011இல் நின்றதும் இதே 40-15 என்ற இடத்தில்தான். விம்பிள்டன் இறுதிப்போட்டியில் சம்பியன் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிட்டு மீண்டுவந்து பட்டம் வென்ற ஆண் வீரர், 1948இல் பொப் பல்கன்பேர்க்குக்குப் பிறகு ஜோகோவிச் தான். போட்டியின் பெரும்பகுதியில் தான் தற்காத்துக்கொண்டே இருந்ததாகவும் ஆட்டத்தை வழிநடத்தியவர் பெடரர் என்றும் அவரே போட்டியின் பின்னர் ஒளிவுமறைவின்றிக் கூறினார்.

அப்படியானால் இந்த முடிவு நியாயமானதா? அன்றைய தினம் அதே லண்டன் மாநகரில் இன்னொரு இடத்திலும் இதே கேள்வி எழுந்தது. லோர்ட்ஸ் மைதானத்தில் உலகக்கிண்ண கிரிக்கெட் இறுதிப்போட்டியில் இங்கிலாந்தும் நியூஸிலாந்தும் தலா 241 ஓட்டங்கள் பெற்று, சுப்பர் ஓவரிலும் தலா 15 ஓட்டங்கள் பெற்றுச் சமநிலையில் நின்றன. பவுண்டரிகளின் எண்ணிக்கை 26க்கு 17 என்ற கணக்கில் கிண்ணம் இங்கிலாந்துக்குச் சென்றது. இரண்டு போட்டிகளும் ஏறக்குறைய ஒரே வேளையில் முடிந்தபோது கொழும்பில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டில் மூழ்கிக்கிடந்த எமது மக்களில் பலருக்கு டென்னிஸ் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது.

இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, விதிகளால் வஞ்சிக்கப்பட்டவர்கள் என்று நியூஸிலாந்துக்கும் பெடரருக்கும் சேர்த்து அனுதாபப்பட்டவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. பவுண்டரிக் கணக்கு, எவரும் அதை மனதில் வைத்து ஆடாத ஒரு விதி. அதே ஆண்டு ஒக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் சபையே அதைக் கைவிட்டது. டென்னிஸில் நிலைமை வேறு. இறுதி செட்டில் 12-12 என்ற நிலையில் டை பிரேக் என்ற ஏற்பாடு விம்பிள்டனுக்கு அந்த ஆண்டுதான் புதிது. முந்திய ஆண்டு அரையிறுதியில் அண்டர்சனும் இஸ்னரும் 26-24 வரை இழுபட்டதன் விளைவு அது. ஆனால், டை பிரேக் விம்பிள்டனுக்கு 1971ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எந்தப் புள்ளி எவ்வளவு பெறுமதியானது என்பது களத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே தெரியும். அதைத் தெரிந்து ஆடுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே.

பெடரர் 2022ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். 2024இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றியபோது அவர் ஒரு கணக்கைச் சொன்னார். தான் ஆடிய 1,526 ஒற்றையர் போட்டிகளில் ஏறத்தாழ 80 வீதமானவற்றை வென்றபோதிலும், புள்ளிகளில் வென்றது 54 வீதம் மாத்திரமே என்றார். டென்னிஸின் கணக்குமுறை அவரது வாழ்நாள் முழுவதும் அவருக்கு அள்ளிக்கொடுத்தே வந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லமுடியாது. சிறிய மேலதிகத்தைப் பெரிய வெற்றிகளாக மாற்றித்தந்த அதே கணக்குமுறை, 2019ஆம் ஆண்டின் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரது மேலதிகத்தைத் தோல்வியாக மாற்றியது. கொடுத்தபோது நியாயம் என்று ஏற்றுக்கொண்டதை, எடுத்தபோது அநியாயம் என்று சொல்லமுடியாது. அவரும் அப்படிச் சொல்லவில்லை.

218க்கு 204 என்ற எண்ணிக்கை பொய்யல்ல. அன்றைய தினம் சிறந்த டென்னிஸை ஆடியவர் யார் என்ற கேள்விக்கு அது சரியான பதிலையே தருகிறது. போட்டியை வென்றவர் யார் என்பது வேறு கேள்வி. எந்தக் கேள்விக்கு எந்த எண் பதில் என்று பிரித்தறியாமல் எண்களை அச்சேற்றினால் தவறு எண்களில் இருக்காது, எழுதுபவரிடம்தான் இருக்கும்.