ஒரு குப்பி விஷமுறிவு மருந்தின் பூர்வீகம்

பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனைகளில் ஏற்றப்படும் ஏ.எஸ்.வி. என்னும் விஷமுறிவு மருந்து, சிறு கண்ணாடிக் குப்பியில் வெண்ணிறத் தூளாக வருகிறது. 10 மி.லி. நீரில் கரைத்து, சலைனில் கலந்து ஏற்றுவார்கள். அந்தத் தூள், குதிரையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். குதிரைக்குச் சிறுகச் சிறுக ஊசி போட்டுப் பழக்கியது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷம். அந்த விஷம் எங்கே கிடைக்கிறது என்று தேடிப் போனால், வழி சென்னைக் கிண்டியைத் தொட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி வரை நீள்கிறது. ஆனால் விஷம் உடம்பின் செல்களை என்ன செய்கிறது என்பது தெரியாமல் இந்த மருந்தின் கதை விளங்காது.

நல்ல பாம்பின் விஷத்தில் உள்ள ஒரு சிறு புரதம், நரம்பின் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். தசைக்கு அது எட்டாது. இமை தொங்கும், பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். அதே விஷத்தின் இன்னொரு வகைப் புரதம் செல்லின் சவ்வைத் துளைப்பதால்தான் கடிவாயைச் சுற்றிச் சதை கறுத்து அழுகுகிறது. கட்டுவிரியன் விஷம் இதைவிடக் கொடியது. அது நரம்பின் முனையையே அழித்துவிடும். முனை மறுபடி வளரும்வரை எத்தனை குப்பி ஏற்றினாலும் பலன் குறைவு. வென்டிலேட்டரில் வைத்து உயிரைக் காக்க வேண்டியதுதான். இந்தப் பாம்பு இரவில் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருபவருக்குக் கட்டுவிரியன் கடித்திருக்கலாம் என்று மருத்துவருக்குத் தோன்றாவிட்டால் ஓர் உயிர் போய்விடும்.

விரியன்கள் இரத்தத்தைக் குறிவைக்கின்றன. கண்ணாடி விரியனின் விஷம், இரத்த உறைதலின் பத்தாம் காரணியைக் கண்டபடி தூண்டிவிடுகிறது. உறைவதற்கான புரதங்கள் அதில் தீர்ந்துபோய், ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் கசியும், சிறுநீரகம் செயலிழக்கும். இதைக் கண்டறிய எந்த இயந்திரமும் வேண்டாம். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் விரியன் கடி என்று கொள்ளலாம். எளிய ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்ய முடிகிற இந்தச் சோதனை, பாம்புக்கடி மருத்துவத்தின் மிக நல்ல கருவி என்பேன். கண்ணாடி விரியனின் இதே விஷத்தை நீர்க்கச் செய்து, ஹீமோஃபீலியா நோயாளியின் இரத்தக்கசிவை நிறுத்தலாம் என்று 1934இல் மாக்ஃபார்லேன் என்ற ஆங்கில மருத்துவர் காட்டினார்.

கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருக்கும் பாட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர். இந்தக் கரையின் பாம்புகளைப் பற்றி 1796இல் அவர் வெளியிட்ட நூலில் விஷச் சோதனைகளும் உண்டு. ஆர்சனிக் கலந்த 'தஞ்சாவூர் மாத்திரை' அன்று பாம்புக்கடிக்குப் பேர்போனது. அதையும் அவர் சோதித்துப் பார்த்தார். உண்மையான முறிவு கிடைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சைகோனில் நாகப்பாம்புக் கடிகளைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கால்மெட், 1894இல் விஷமுறிவு சீரத்தை அறிவித்தார். எல்லாப் பாம்புக்கும் அது ஒன்றே போதும் என்று அவர் நம்பினார். போதாது என்று பிரேசில் நாட்டு மருத்துவர் விடால் பிரேசில் நிரூபித்தார். நான்கு பாம்புகளின் விஷமும் இந்திய மருந்துக்குத் தேவைப்படுவது அதனால்தான்.

சென்னையில் இந்த வேலைக்கு இடம் கொடுத்தது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். 1899இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் தடுப்பூசிகளோடு விஷமுறிவு மருந்தும் தயாரானது. அதே கிண்டியில் 1972இல் பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் பாம்புப் பண்ணையை அமைத்தார். அவருக்குப் பாம்பைக் கற்றுக்கொடுத்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். புழுதியில் பதிந்த தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் போனது என்று சொல்லக்கூடியவர்கள். தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்துவந்த அவர்களுக்கு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அடுத்து வந்த ஏற்றுமதித் தடையும் பிழைப்பை இல்லாமல் ஆக்கின. 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1982இல் விஷம் எடுக்கத் தொடங்கினார்கள்.

வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இந்தச் சங்கத்தின் பாம்புகள் மண்பானையில் இருக்கும். பானையின் வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் கழுத்தருகே பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையில் கடிக்க விடுவார்கள். பல் சவ்வைத் துளைத்ததும் மஞ்சள் துளிகள் குடுவைக்குள் வழியும். நான்கு வாரம் போல வைத்திருந்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் விஷம் எடுக்காமல் விடுவதற்கே அந்த அடையாளம். விஷம் உறைநிலையில் உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இந்தச் சங்கம் தருவது. 2023இல் இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கௌரவம் மிகத் தாமதமாக வந்தது என்பது என் எண்ணம்.

நாடு முழுவதற்குமான மருந்து வடதமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தை நம்பியிருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷம்கூட ஊருக்கு ஊர் மாறுகிறது. ராஜஸ்தானின் சிந்துக் கட்டுவிரியனையும் வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்தையும் இந்த மருந்து சரியாக முறிப்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்த நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. வட்டாரத்துக்கு வட்டாரம் விஷம் சேகரித்துத் தனித்தனி மருந்து செய்வது ஒரு வழி. குதிரையே இல்லாமல் ஆய்வகத்தில் எதிர்ப்புப் புரதம் உருவாக்குவது இன்னொரு வழி. இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் 2024இல் அறிவித்த ஒரு புரதம், தசையின் ஏற்பியில் உட்காரும் நச்சுகளில் ஒரு வகையை முறிக்கிறது. இரத்தத்தைத் தாக்கும் விரியன் நச்சுகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை.