ஒரகடத்துக் கருங்கல்லுக்கு ஒரு பெயர் உண்டு!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியெல்லாம் கார் தொழிற்சாலைகள், கன்டெய்னர் லாரிகள். டீ குடிக்க இறங்கிய இடத்தில், சாலையோர ஜல்லிக் குவியலிலிருந்து மகள் ஒரு கல்லை எடுத்தாள். “அப்பா, இது என்ன கல்?”

“கருங்கல்மா” என்று தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை.

கல்லை வெயிலில் மெல்லத் திருப்பினோம். ஒரு கோணத்தில் தட்டையாகப் பளிச்சிடுவது ஃபெல்ட்ஸ்பார். அது சீரான தளங்களில் பிளக்கும். உடைந்த பாட்டில் போல, லேசான நீலச் சாயலோடு மினுங்குவது குவார்ட்ஸ். சாதாரணக் கத்தியால் இரண்டையும் கீற முடியாது. நடுவே கரும்பழுப்புப் பொட்டுகள் ஹைப்பர்ஸ்தீன். மூன்றும் சேர்ந்திருந்தால் அது சார்னோகைட்! சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் கருங்கல்லில் பெரும்பகுதி இதுதான்.

கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பதும் இதே வகைக் கல். அதனால்தான் 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இதற்கு அவர் பெயரை வைத்தார். நெருப்புக் குழம்பு இறுகிப் பிறந்த பாறை என்பது ஹாலண்டின் கருத்து. பூமியின் ஆழத்துச் சூட்டில் உருமாறியது என்பவர்களும் உண்டு.

பரங்கிமலையில் இந்தப் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். இங்கே அதுவே தொழிற்சாலைக்கும் சாலைக்கும் ஜல்லி. வீடும் ரோடும் வேண்டாமென்று யார் சொல்வது? ஆனால், சுமார் 250 கோடி வயதுள்ள பாறை, உடைத்தால் திரும்ப வளராது.

மகள் அந்தக் கல்லை பென்சில் பாக்ஸில் வைத்துக்கொண்டாள், பெயர் எழுதி ஒட்டி.